துண்டு முதல் குறுஞ்செய்தி வரை: சப்ரகமுவத் தோட்ட மக்களும் ஏமாற்றும்

ஏமாற்றுப் பற்றிப் பேசுமிடத்து, ஏமாந்தவரின் அறியாமையையே முதற் காரணமாகக் காட்டுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கைத்தொலைபேசியில் வந்த செய்தியொன்றை நம்பித் தன் சேமிப்பை இழந்த தோட்டத் தொழிலாளி ஒருவரைப் பற்றிக் கேள்வியுற்றதும், படிப்பின்மையால் வந்த வினை என்று கூறி அப்பாற் செல்கிறோம். இக்கூற்று எவ்வளவுக்குப் பொருந்தும் என்பதை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சப்ரகமுவ மாகாணத் தோட்ட மக்களின் வரலாற்றினூடாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் இலங்கைத் தோட்டங்களுக்குத் திரட்டப்பட்டபோது, தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என ஆசை காட்டப்பட்டதாக மலையக மக்களிடையே இன்றும் கூறப்படுகின்றது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளின் இறப்பர்க் காடுகளுக்கும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளின் தேயிலை மலைகளுக்கும் வந்து சேர்ந்தோரின் வழித்தோன்றல்களும் இக்கதையை அறிவர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாதெனில், இவ்வாசை வார்த்தைகளைக் கூறியவன் அந்நியன் அல்லன் என்பதே. கங்காணி பெரும்பாலும் அதே ஊரவன். அவர்களது மொழியையே பேசியவன். பலருக்கு உறவினனும் ஆவான். துரை சொல்லியிருந்தால் ஐயுற்றிருக்கக் கூடியவர்கள், மாமன் முறையானவன் சொன்னபோது மூட்டையைக் கட்டினர்.

ஆசையை அடுத்து வந்தது கடன். வழிச்செலவுக்கும் உணவுக்கும் கொடுக்கப்பட்ட முன்பணம் தொழிலாளியின் பெயரிற் பற்றாக எழுதப்பட்டது. எழுதியவன் ஒருவன், கைந்நாட்டு வைத்தவன் மற்றொருவன். இக்கடனே பின்னர் 'துண்டு' முறைக்கு அடிப்படையாயிற்று. குறித்த தொகையைச் செலுத்தினால் இக்கங்காணியையும் இவனது ஆட்களையும் விடுவிக்கச் சம்மதம் எனத் தோட்டத்துரை கையொப்பமிட்டுக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. அதைக் கொண்டு தலைக்கங்காணி வேறொரு தோட்டத்துரையிடம் பணம் பெற்றுப் பழைய கடனைத் தீர்ப்பான். ஆட்கள் புதிய தோட்டத்தின் கடனாளிகளாவர். தோட்டம் மாறமாறக் கடன் வளர்ந்தது. துண்டிலே தன் விலை எழுதப்பட்டிருந்தும், அதனைப் படிக்கத் தொழிலாளியால் இயலவில்லை.

இந்நிலை தானாக மாறவில்லை. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிவகுத்தது. சட்டம் வந்தால் மட்டும் போதாது, அது தொழிலாளியின் செவிக்கு எட்டவும் வேண்டும் என்பதை உணர்ந்து செயற்பட்டவர் கோ. நடேசய்யர். பத்திரிகைகள், துண்டுப் பிரசுரங்கள், கூட்டங்கள் ஆகியவற்றின் வாயிலாக அவர் தொழிலாளரின் உரிமைகளைத் தமிழில் விளக்கினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் அக்கருத்துக்களைப் பாட்டாகப் பாடினார். எழுத்தறியாதவரிடத்தும் செய்தி சென்றடைந்தமைக்கு இதுவே காரணமாயிற்று. சட்டம், தமிழில் விளக்கம், ஒன்றுகூடிப் பேசுதல் என்னும் மூன்றும் சேர்ந்தபோதே பழைய ஏமாற்றின் பிடி தளர்ந்தது எனலாம்.

இனி, நிகழ்காலத்தை நோக்குவோம். 2020இல் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் பாடங்கள் வட்ஸ்அப் வழியாக வரத் தொடங்கின. பல லயங்களில் இணைய வசதியுள்ள கைத்தொலைபேசி புகுந்தது இவ்வாறே. அதனோடு ஏமாற்றும் புகுந்தது. ஆயின் அதன் உருவம் நமக்குப் புதிதன்று. காணொளிகளுக்கு விருப்பம் தெரிவித்தால் பணம் தருவதாகக் கூறி முதல் நாளில் சில நூறு ரூபா அனுப்புவர். பின்னர் பெரிய ஊதியத்துக்கு வைப்புப்பணம் கேட்பர். முதலில் வந்த அச்சிறு தொகை பழைய முன்பணமேயன்றி வேறன்று. உடனடிக் கடன் தருவதாகக் கூறும் சில செயலிகள் தொலைபேசியிலுள்ள தொடர்பிலக்கங்களைக் கவர்ந்துகொண்டு, தவணை தவறியதும் உறவினர் அனைவருக்கும் செய்தி அனுப்பி அவமானப்படுத்துகின்றன. வட்ஸ்அப் கணக்கொன்றைக் கைப்பற்றியவன், அக்கணக்குக்கு உரியவரின் பெயராலேயே அவருடைய சித்தியிடம் அவசரமாகப் பணம் கேட்கிறான். கங்காணியைப் போன்று இவனும் உறவின் குரலிலேயே பேசுகிறான்.

தீநிரல்கள் எனப்படும் கேடுவிளைக்கும் மென்பொருள்களும் இவ்வழியையே பின்பற்றுகின்றன. பரிசு, நிவாரணம், பொதி என்று ஏதேனும் ஒரு பெயரில் வரும் கோப்பினைத் திறந்து நிறுவுமாறு கேட்கப்படுகின்றது. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கோருகின்றது. அனுமதி கிடைத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் உரியவருக்கும் திருடனுக்கும் ஒரே வேளையில் தெரிந்துவிடும். விளங்காத தாளில் அன்று கைந்நாட்டு வைத்ததற்கும், விளங்காத அனுமதியை இன்று விரலால் அழுத்துவதற்கும் வேற்றுமை மிகச் சிறிது.

இது படிப்பற்றவருக்கு மட்டும் நேர்வதெனக் கருதுவோர் பங்களாதேஷ் மத்திய வங்கிக்கு நேர்ந்ததை நோக்குதல் வேண்டும். வேலை வேண்டி விண்ணப்பிப்பவர் எழுதியதுபோன்ற மின்னஞ்சல்கள் அவ்வங்கியின் ஊழியருக்கு அனுப்பப்பட்டன. அவ்வழி உட்புகுந்த தீநிரலைக் கொண்டு, 2016 பெப்ரவரியில் நியூயோர்க்கிலிருந்த அவ்வங்கியின் கணக்கிலிருந்து 8 கோடி 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்கு மாற்றப்பட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட மேலும் 2 கோடி டொலர் தடுக்கப்பட்டதற்குப் பெறுநரின் பெயரிலிருந்த ஓர் எழுத்துப்பிழையும் காரணமாயிற்று. கற்றோர் நிறைந்த மத்திய வங்கி ஏமாந்தது. ஒரு சொல்லை நின்று நிதானித்துப் படித்தவர் பெருந்தொகையைக் காத்தார். பட்டத்தைக் காட்டிலும் நிதானமே இங்கு காவலாக அமைந்தது.

தோட்ட மக்களுக்கு இவ்விடயம் ஏனையோரைவிடக் கூடிய முக்கியத்துவம் உடையது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இச்சமூகம், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை தன் குடியுரிமைக்காகக் காத்திருந்தது. மூன்று தலைமுறைகள் அலைந்து பெற்ற அடையாள அட்டையின் படத்தை, முகமறியாத ஒருவன் கேட்டவுடன் அனுப்பிவிடுவது எத்துணைப் பெரிய இழப்பு! ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காகப் பல்லாண்டுகள் போராடி 2021இல் அதனைப் பெற்ற கைகளிலிருந்து, பல மாதச் சம்பளம் ஒரு நிமிடத்திற் பறிபோகின்றது. வெளிநாட்டு வேலை எனும் ஆசை வார்த்தை அதனினும் கொடியது. அதனை நம்பிச் சென்ற இலங்கையர் பலர் மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, பிறரை இணையத்தில் ஏமாற்றுமாறு வற்புறுத்தப்பட்டமை 2024இல் வெளிவந்தது. தேங்காயும் மாசியும் இன்று சம்பளத் தொகையாகவும் விமானச் சீட்டாகவும் உருமாறியுள்ளன.

இக்கட்டுரையாசிரியர் பிறந்த தோட்டத்தில், பரிசு விழுந்ததாக வந்த அழைப்பை நம்பித் தம் சீட்டுப்பணத்தை இழந்த பெண்மணி ஒருவர், அதனை ஓராண்டு வரை எவரிடமும் கூறவில்லை. கூறியிருப்பின், அதே இலக்கத்திலிருந்து அழைப்புப் பெற்ற அடுத்த லயத்தார் தப்பியிருப்பர். படிப்பில்லாததால் வந்த வினை என்று நாம் கூறும் சொல்லுக்கு அஞ்சியே அவர் வாய் திறவாதிருந்தார். ஏமாற்றுக்காரனுக்கு நாம் அளிக்கும் பேருதவி இந்த ஏளனமே.

இன்று சட்டம் இல்லையென்று கூற முடியாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் உண்டு. ஆட்சேர்த்துப் பணம் பெருக்கும் பிரமிட் திட்டங்களை வங்கித்தொழிற் சட்டம் தடைசெய்கின்றது. 2006இல் தோன்றிய இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவிடம் முறையிடலாம். குறைவாக உள்ளவை ஏனைய இரண்டுமே: தமிழில் விளக்கமும் ஒன்றுகூடிப் பேசுதலும். கடவுச்சொல்லை எவருக்கும் கூறாதிருத்தல், செய்தியோடு வரும் கோப்பை நிறுவாதிருத்தல், உறவினர் பணம் கேட்டால் பழைய இலக்கத்துக்கு அழைத்துக் குரலைக் கேட்டறிதல், பணம் போனதும் தாமதியாது வங்கிக்கு அறிவித்தல் ஆகியவை கடினமான பாடங்கள் அல்ல. பிரட்டுக் களத்திலும் கோயில் முன்றலிலும் அவற்றை எடுத்துக்கூற ஆட்கள் வேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால், ஏமாற்று என்பது ஏமாந்தவரின் பேதைமையால் மட்டும் விளைவதன்று என்பதும், எழுத்து ஒருவர் கையிலும் நம்பிக்கை மற்றவர் கையிலும் தனித்தனியே இருக்குமிடத்தே அது செழிக்கின்றது என்பதும் பெறப்படும். அன்று அவ்விரண்டையும் இணைக்க முயன்றோர் சிலர் இருந்தனர். தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்துள்ள நாம் விடுமுறைக்கு வீடு செல்லும்போது, லயத்து வாசலில் ஒரு மாலைப்பொழுதை அதற்கென ஒதுக்குவோமாயின், நாம் கற்ற வரலாறு பயனுடையதாகும்.