ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டை

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், குன்றின் உச்சியில் அமைந்த இடைக்காலக் கோட்டை. பேராயர் கெப்ஹார்டு 1077இல் கட்டத் தொடங்கினார். இன்றைய தோற்றம் பெரிதும் பேராயர் லியோன்ஹார்டு ஃபான் கொய்ட்ஷாக் (1495–1519) காலத்தது. அவருடைய குலச்சின்னமான டர்னிப் கிழங்கைச் சுவரெங்கும் செதுக்கிவைத்தார். 1525இல் கிளர்ந்தெழுந்த உழவர்கள் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. 1800இல் பிரெஞ்சுப் படையிடம் சண்டையின்றிப் பணிந்தது.

மேலே போக 1892 முதல் இழுவை ரயில் உண்டு. அருங்காட்சியகத்தில் படைக்கலங்களும் கோட்டை வாழ்க்கையைக் காட்டும் பொருள்களும் உள்ளன. ரைனர் படைப்பிரிவுக்குத் தனிக் காட்சியகமும் இருக்கிறது. ஆயினும் நின்று பார்க்க வேண்டியது பேராயரின் பொன்னறைதான். அங்குள்ள வண்ண ஓடு பதித்த கணப்படுப்பு, பூவும் உருவங்களுமாக, 1501ஆம் ஆண்டின் கைவண்ணம். 1502இல் நிறுவிய ‘சால்ஸ்பர்க் காளை’ என்னும் குழலிசைக் கருவி நகருக்கே கேட்கும்படி முழங்கும்.