வேகவதிக் கரையில் ஒரு மணிமுடி: வேணாட்டு மன்னர் ரவிவர்மர் குலசேகரர்

நமது கோட்டாறு மறைமாவட்டம் 1930-ஆம் ஆண்டு மே 26 அன்று கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது என்பதை இறைமக்கள் பலரும் அறிவர். 2014-இல் உருவான குழித்துறை மறைமாவட்டத்திற்கும் வேர் அங்கேதான். அந்தக் கொல்லத்திலிருந்து ஒரு மன்னர் புறப்பட்டு, காஞ்சிபுரம்வரை படை நடத்திச் சென்று, தென்னாடு முழுவதற்கும் பேரரசராக முடிசூடிக்கொண்டார் என்பதும், அந்தப் பெருமை ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் முடிந்துபோயிற்று என்பதும் அந்த அளவுக்குத் தெரிந்த செய்திகள் அல்ல. பள்ளிப் பாடநூல்களில் மார்த்தாண்ட வர்மரும் 1741-இல் நடந்த குளச்சல் போரும் இடம்பெறுகின்றன. அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய ரவிவர்மர் குலசேகரரைப் பற்றிப் படித்தவர்கள் நம்மிடையே சிலரே இருப்பர்.

அவரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சிறந்த சான்று காஞ்சிபுரம் அருளாளப்பெருமாள் கோயிலில், அதாவது இன்று வரதராசப் பெருமாள் கோயில் என்று நாம் சொல்லும் இடத்தில், உள்ள வடமொழிக் கல்வெட்டு. தந்தை பெயர் ஜயசிம்மர், தாய் பெயர் உமாதேவி. பிறந்தது சக ஆண்டு 1188, நம் கணக்கில் கி.பி. 1266-67. தந்தையின் பெயரால்தான் கொல்லத்தைச் சுற்றிய நாடு தேசிங்கநாடு என்று வழங்கியது. மகன் முப்பத்துமூன்றாம் வயதில், அதாவது 1299-1300 வாக்கில், ஆட்சிக்கு வந்தார்.

அன்றைய கொல்லத்தை இன்றைய ஒரு மாவட்டத் தலைநகராக நினைத்துவிடக் கூடாது. சீனத்து மரக்கலங்களும் அரபு வணிகர்களும் மிளகுக்காக வந்து சேர்ந்த துறைமுகம் அது. 1282-இல் கொல்லத்திலிருந்து சென்ற தூதுக்குழு குப்லாய் கானின் அரசவையை அடைந்ததைச் சீன வரலாற்று நூல் குறித்து வைத்திருக்கிறது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோ 1290-களில் இப்பக்கம் வந்தபோது கொல்லத்தில் மிளகும் இஞ்சியும் ஏராளம் என்றும், அங்கே கிறிஸ்தவர்களும் யூதர்களும் வாழ்கிறார்கள் என்றும் எழுதினார். நம் குமரிமுனையையும் அவர் விடவில்லை. இங்கிருந்து கடலில் சற்றுத் தொலைவு சென்றால் வடமீன் கொஞ்சம் தென்படும் என்று குறித்திருக்கிறார். வேணாடு சிறிய நாடுதான். ஆனால் அதன் கருவூலத்தை நிரப்பியது நெல் மட்டுமல்ல, உலகமே விலை கொடுத்து வாங்கிய மிளகு.

மறுபுறம் நாஞ்சில் நாடு எப்போதுமே அடிபட்ட எல்லைப் பூமி. கோட்டாறு சோழர் கல்வெட்டுகளில் மும்முடிச்சோழநல்லூர் என்று பெயர் மாறி நிற்பதைப் பார்த்தாலே, நம் வயல்களைத் தேடி எத்தனை தூரத்து அரசர்கள் வந்தார்கள் என்பது புரியும். சோழர் போனபின் பாண்டியர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் பாண்டிய நாடு, இப்பால் வேணாடு. யார் வலுவாக இருந்தாலும் மற்றவர் பக்கம் இறங்குவதற்கு வழி திறந்தே கிடந்தது. ரவிவர்மர் பாண்டிய இளவரசி ஒருவரை மணந்திருந்தார். ஆகவே அவர் மதுரைக்கு அடுத்த வீட்டுக்காரர் மட்டுமல்லர், அந்த வீட்டு மருமகனும்கூட.

அந்த வீடு இடிந்ததுதான் அவருக்கு வாய்ப்பாயிற்று. மாறவர்மன் குலசேகர பாண்டியர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டு, 1310 வாக்கில் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணைக்காக ஒருவரோடொருவர் போரிட்டனர். தந்தையைக் கொன்றது சுந்தர பாண்டியனே என்று பாரசீக வரலாற்றாசிரியர் எழுதுகிறார். சண்டை ஓயுமுன்னரே, 1311-இல் தில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை மதுரைவரை வந்து, யானைகளையும் குதிரைகளையும் பொன்னையும் வாரிக்கொண்டு திரும்பிற்று. படை போய்விட்டது, பாண்டியரின் கருவூலமும் மதிப்பும் போய்விட்டன, அண்ணன் தம்பி பகை மட்டும் போகவில்லை. பாகப்பிரிவினைத் தகராறோடு பங்குத்தந்தையிடம் வரும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். வழக்கு நடக்கும் ஆண்டுகளில் விளைச்சலை அனுபவிப்பவர் பெரும்பாலும் மூன்றாமவர். அன்றைய தென்னாட்டில் அந்த மூன்றாமவர் ரவிவர்மர்.

வீர பாண்டியனை வென்று அவர் வடக்கே நகர்ந்தார். நாற்பத்தாறாம் வயதில், 1312-13-இல், காஞ்சிபுரத்தையொட்டி ஓடும் வேகவதி ஆற்றங்கரையில் முடிசூட்டிக்கொண்டார் என்று கல்வெட்டு கூறுகிறது. திருவரங்கத்திலும் கடலூர் அருகே திருவதிகையிலும் அவருடைய கல்வெட்டுகள் உள்ளன. போரில் கலங்காதவர் என்னும் பொருளில் சங்கிராமதீரர், கலைகளை ஆதரித்ததால் தட்சிணபோசர் என்பன அவருடைய விருதுப் பெயர்கள். மூன்று உலகுக்கும் சக்கரவர்த்தி என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. கொல்லத்துக்கும் காஞ்சிக்கும் இடையே உள்ள தூரமோ மிக நீண்டது. முடிசூடிய பிறகும் வீர பாண்டியன் மீண்டும் எழுந்தான், மீண்டும் துரத்தப்பட்டான். காடுகளுக்குள் ஓடினான் என்று கல்வெட்டு பெருமையாகச் சொல்கிறது. அரசவைப் புலவர்கள் எழுதிக் கொடுத்த மெய்க்கீர்த்திகளைச் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும். ஓடியவன் அழியவில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

இதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் ஒருவர் முடியைத் தேடி நெடுந்தூரம் சென்றார். அவர் லக்சம்பர்க் நாட்டு ஏழாம் ஹென்றி. ஜெர்மானியருக்கு அரசராகத் தேர்வான அவர், 1310-இல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலிக்குள் இறங்கினார். கட்சி பிரிந்து அடித்துக்கொண்டிருந்த நகரங்களை ஒன்றாக்கிப் பழைய உரோமைப் பேரரசை மீண்டும் நிறுத்த வேண்டும் என்பது அவர் ஆசை. கவிஞர் தாந்தே அவர்மேல் அளவற்ற நம்பிக்கை வைத்தார். ஆனால் உரோமைக்குள்ளேயே எதிரிகளின் படை நின்றதால் புனித பேதுரு பேராலயத்தை அடைய முடியாமல், 1312 ஜூன் 29, புனிதர்கள் பேதுரு, பவுல் திருநாளன்று, இலாத்தரனில் கர்தினால்கள் அவருக்கு முடிசூட்டினர். திருத்தந்தை ஐந்தாம் கிளமெண்டோ அப்போது பிரான்சுப் பக்கம் இருந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 24-இல் சியன்னா நகரத்தின் அருகே காய்ச்சலில் ஹென்றி இறந்தார். அவரோடு அந்தக் கனவும் பீசா நகரப் பேராலயத்தில் அடங்கிற்று. இவ்விருவரும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இருவருக்கும் முடி கிடைத்தது. முடியின்கீழ் நிற்பதற்கு நிலம்தான் நிலைக்கவில்லை.

ரவிவர்மருக்கு முடிவு வடக்கிலிருந்து வந்தது. வாரங்கல்லை ஆண்ட காகதீய மன்னர் பிரதாபருத்திரரின் படைத்தலைவர் முப்பிடி நாயகர் 1316-இல் காஞ்சியைக் கைப்பற்றி, மானவீரர் என்பவரை அங்கே அதிகாரியாக அமர்த்தினார். வேணாட்டு ஆட்சி மீண்டும் மலைக்கு மேற்கே சுருங்கியது.

ஏன் நிலைக்கவில்லை? வீரம் போதவில்லை என்று நமக்குத் தோன்றவில்லை. வெற்றிடம் ஒன்று உண்டானால் அதற்குள் ஒருவர் மட்டும் நுழைவதில்லை. கொல்லத்திலிருந்து அவருக்குத் தெரிந்த வழி வாரங்கல்லுக்கும் தெரிந்திருந்தது; தில்லிக்கும் தெரிந்திருந்தது. பாண்டிய நாட்டு மக்களுக்கு அவர் அரசராக வாழவும் காலம் கிடைக்கவில்லை. நூற்றாண்டுகளாக ஏரியும் கோயிலும் ஊர்ச்சபையும் வழியாகச் சோழரும் பாண்டியரும் வேர் பிடித்த மண்ணில், அவர் பாசறையோடு வந்து பாசறையோடு போனார். பாண்டியரின் பகையில் கடைசியாக வென்றவர் அவருமல்லர், அந்தச் சகோதரர்களுமல்லர். 1330-களில் மதுரையில் சுல்தான்களின் ஆட்சி தொடங்கிற்று. அதையும் விசயநகரப் படை முடித்தது.

அவர் விட்டுச் சென்றவற்றுள் வேறொன்றும் உண்டு. பிரத்யும்னாப்யுதயம் என்னும் வடமொழி நாடகத்தைத் திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயில் விழாவில் நடிப்பதற்காக அவரே எழுதினார். ஐந்து அங்கங்கள் கொண்டது. சமுத்திரபந்தர் போன்ற அறிஞர்கள் அவருடைய அவையில் இருந்தனர். 1910-இல் திருவனந்தபுரத்தில் அந்த நாடகம் அச்சேறியது. வாளால் வாங்கிய காஞ்சி போய், எழுத்தாணியால் எழுதியது அறுநூறு ஆண்டுகள் கழித்து அச்சகம் வந்து சேர்ந்தது.

கொல்லமும் நிலைத்தது. அவர் காஞ்சியை இழந்து பதின்மூன்று ஆண்டுகளில், 1329 ஆகஸ்ட் 9 அன்று, அவிஞ்ஞோனில் இருந்த திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், கொல்லத்தை மறைமாவட்டமாக உயர்த்தி, தொமினிக்கன் சபைத் துறவி யோர்தானுஸ் கத்தலானியை ஆயராக நியமித்தார். இந்தியாவின் முதல் இலத்தீன் மறைமாவட்டம் இதுவே. யோர்தானுஸ் படையோடு வந்தவர் அல்லர். அங்கே ஏற்கெனவே வாழ்ந்த கிறிஸ்தவர்களிடம் காட்டுவதற்குத் திருத்தந்தையின் கடிதம் அவரிடம் இருந்தது. பிறகு நீண்ட காலம் ஆயர் பீடம் வெறுமையாகக் கிடந்து, 1886-இல் மறைமாவட்டம் புத்துயிர் பெற்றது.

காஞ்சிபுரத்துக்குத் திருமணப் பட்டு வாங்கச் செல்லும் நம் குடும்பங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கி வரதராசப் பெருமாள் கோயில் பக்கமும் போய்வரலாம். ரவிவர்மரின் வெற்றியைப் பாடும் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அவரை வெளியேற்றிய முப்பிடி நாயகரின் 1316-ஆம் ஆண்டுக் கல்வெட்டும் அதே கோயிலில்தான் இருக்கிறது.