ஒரு ஸ்டிக், பல பெட்டிகள்

டிவியில் இணைக்கும் விளையாட்டுப் பெட்டி ஒவ்வொன்றுக்கும் தனி ஜாய்ஸ்டிக் எதற்கு என்று நம் குடியிருப்பில் பணம் கொடுக்கும் தாத்தாக்கள் கேட்பது நியாயமே. ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1977-ல் அமெரிக்காவில் வந்த அடாரி 2600-இன் ஸ்டிக்கில் ஐந்தே சுவிட்சுகள்: நான்கு திசை, ஒரு பட்டன். சுவிட்சுக்கு ஒரு கம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. 1982-ல் வந்த கமடோர் 64 கம்ப்யூட்டரும் அதே ஒன்பது முனை பிளக்கை வைத்துக்கொண்டதால் ஒரே ஸ்டிக் இரண்டுக்கும் போதும்.

1983-ல் ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் வந்தது. பட்டன்களின் நிலையை ஒரு சிப் வரிசையாக ஒரே கம்பியில் அனுப்பியது. கம்பி மிச்சம்தான். ஆனால் பிறகு கம்பெனிக்கு ஒரு பாஷை என்றாகி, வாங்குகிறவர் இரண்டு தடவை பணம் கட்ட வேண்டியதாயிற்று.

1991-ல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது. அதற்கு ஆறு பட்டன்கள். வீட்டிலும் ஆர்கேட் போலவே ஆட விரும்பியவர்கள் மரப்பெட்டி செய்து, ஜப்பானின் சான்வா கம்பெனி பட்டன்களைப் பொருத்தினார்கள். தச்சு வேலை சுலபம். அந்தந்தப் பெட்டியின் கன்ட்ரோலரைப் பிரித்து, அதன் போர்டில் கம்பிகளைப் பற்றவைப்பதுதான் பாடு. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டிலும் யுஎஸ்பி பிளக்தான். ஆனாலும் ஒன்றின் ஸ்டிக்கை மற்றது ஏற்காது. எக்ஸ்பாக்ஸ், வங்கியில் மாதிரிக் கையெழுத்தை ஒப்பிடுவது போல, ஸ்டிக்கைச் சரிபார்த்த பிறகே உள்ளே விடும்.

எந்தப் பெட்டியில் செருகியிருக்கிறோம் என்று தானே கண்டுகொண்டு அதன் பாஷையில் பேசும் போர்டுகளை தைவானின் புரூக் போன்ற கம்பெனிகள் இப்போது விற்கின்றன. ஸ்டிக்கும் பட்டன்களும் இன்றும் வெறும் சுவிட்சுகளே. புதுப் பெட்டி வந்தால் போர்டை மட்டும் மாற்றினால் போதும்.