ஊசிமுனையும் ஒலியலையும்



சிறு தூசியையும் பொறுக்காத உறுப்பு கண். அதனைக் கத்தியால் தொட வேண்டிய மருத்துவர், நோயாளியின் வலியை எங்ஙனம் போக்கினார் என்னும் வரலாறு, அறிவு எவ்வாறு வளர்கிறது என்பதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஈதரும் குளோரோபாரமும் அறுவை மருத்துவத்திற்கு வந்துவிட்டன. ஆயினும் கண் மருத்துவர்க்கு அவை முழுப்பயன் தரவில்லை. மயக்கம் தெளியும்போது நோயாளிக்கு வாந்தி உண்டாகும். அந்தக் குலுக்கலில் புதிதாக அறுத்த கண்ணுக்குக் கேடு நேரும். ஆதலால் பலர் வலியைப் பொறுத்துக்கொண்டே அறுவைக்கு உட்பட்டனர்.

1884ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பொது மருத்துவமனையில் கார்ல் கோலர் என்னும் 26 வயது இளைஞர் பணியாற்றி வந்தார். அவருடைய நண்பர் சிக்மண்ட் பிராய்டு, கோக்கா இலையிலிருந்து பெறும் கொக்கெயினை அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். அம்மருந்து நாவை மரத்துப்போகச் செய்யும் என்பது முன்னரே பலரும் அறிந்ததே. நாவை மரக்கச் செய்வது கண்ணையும் மரக்கச் செய்யாதோ என எண்ணிப் பார்த்தவர் கோலர். முதலில் தவளையின் கண்ணிலும், பின்னர்த் தம் கண்ணிலுமே அக்கரைசலை விட்டுக் குண்டூசியின் தலையால் தொட்டுப் பார்த்தார். வலி தெரியவில்லை! அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஹைடெல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர் மாநாட்டில் அச்செய்தி படிக்கப்பெற்றது. படித்தவரோ வேறொருவர், பயணச் செலவுக்குப் பொருளின்றிக் கோலர் வியன்னாவிலேயே இருந்தார்.

சொட்டு மருந்து கண்ணின் மேற்புறத்தை மரக்கச் செய்யுமேயன்றி, கண்ணை அசைக்கும் தசைகளை அடக்காது. எனவே அதே 1884இல், நியூயார்க்கில் ஹெர்மன் நாப் என்பவர் கண்விழியின் பின்புறத்தில் ஊசி வழியே மருந்தைச் செலுத்தினார். பிற்காலத்தில் நச்சுத்தன்மை மிக்க கொக்கெயினின் இடத்தைப் புரோகெயினும் லிடோகெயினும் பெற்றன. மருந்து மாறிற்று, ஆனால் ஊசி செல்லும் வழி இருளாகவே இருந்தது. கண்குழிக்குள் பார்வை நரம்பும், குருதிக் குழாய்களும், மெல்லிய விழிச்சுவரும் நெருங்கி அமைந்துள்ளன. ஊசி சற்றே பிறழ்ந்தாலும் பார்வை பறிபோகலாம்.

1936இல் அட்கின்சன் என்னும் மருத்துவர், ஊசி போடுங்கால் நோயாளி மேல்நோக்கி மூக்குப் பக்கமாகப் பார்க்க வேண்டும் என்று கூறினார். ஆசிரியர் மாணவர்க்குச் சொல்ல, அவர் தம் மாணவர்க்குச் சொல்ல, அம்முறை 45 ஆண்டுகள் நிலவிற்று. 1981இல் அன்செல்டும் அவர்தம் துணைவரும் சி.டி. படங்களின் வாயிலாக ஆராய்ந்தபோது, அவ்வாறு பார்த்தால் பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கே நெருங்கி வருகிறது என்பது புலனாயிற்று. அதன்பின் நேராகப் பார்க்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது.

இனி, மீயொலிக்கு வருவோம். நம் செவிக்கு எட்டாத இவ்வொலி, திசுக்களில் பட்டு எதிரொலித்துத் திரும்புகிறது. அந்த எதிரொலியே திரையில் உருவமாகிறது. 1956இல் மண்ட், ஹியூஸ் என்னும் இருவர் இதனைக் கண் ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தினர். பொதுவாக விழியின் நீளம் 23 அல்லது 24 மில்லிமீட்டர். கிட்டப்பார்வை மிகுந்தோர்க்கு அது 26ஐயும் கடக்கும். நீண்ட விழியின் சுவர் மெலிந்திருப்பதால் ஊசி துளைக்கும் இடர் மிகுதி. மீயொலியால் விழியை முன்கூட்டியே அளக்கலாம். ஊசி செல்வதையும் மருந்து பரவுவதையும் திரையில் காணலாம். ஆயினும் ஒலியின் வலிமையைக் கண்ணுக்கேற்பக் குறைத்தே செலுத்துதல் வேண்டும். குருதி ஓட்டமில்லாத விழிவில்லை, தான் பெற்ற வெப்பத்தை எளிதில் வெளியேற்றாது.

இன்று கண்புரை அறுவைகள் பல, கோலர் காட்டியவாறு சொட்டு மருந்தாலேயே நடைபெறுகின்றன. ஊசி இன்றியமையாத இடத்தில், பயிற்சி பெற்றவர் கையில், மீயொலி நல்ல துணையாகும்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பர் நம் முன்னோர். என் ஆசிரியர் சொன்னதை ஆராயாமலே வகுப்பில் நான் சொல்லிய நாட்களும் உண்டு. அட்கின்சன் முறையின் வரலாற்றைப் படித்தபோது அது என் நெஞ்சை உறுத்திற்று. அவரும் நோயாளியின் நலம் விரும்பியவரே; ஆனால் ஊசியின் பாதையைக் காணும் கருவி அவர் காலத்தில் இல்லை. கருவி வாய்த்த பின்னும் சோதித்துப் பாராதிருத்தலே குற்றம். மாணவர்களே, ஆசிரியரை மதியுங்கள். அவர் சொல்லையும் சோதித்துப் பாருங்கள். அதுவே அவருக்கு நீங்கள் செய்யும் உண்மையான மரியாதையாகும்.