எழுதும்போது ஏற்படும் தயக்கம்: பக்கவாதத்துக்குப் பின் கவனிக்க வேண்டியவை

பக்கவாதம் மூளையின் மொழிப் பகுதியைத் தாக்கும்போது, பேச்சுடன் எழுதும் திறனும் குறையலாம். அத்தகையவர் எழுதுகையில் எங்கே நிற்கிறார் என்பது, நினைவில் உள்ள சொல்வடிவங்களில் எவை நிலைத்துள்ளன, எவை நழுவியுள்ளன என்பதை அறிய உதவும்.

இயல்பான தயக்கம்

நலமாக உள்ளவரும் இடைவிடாமல் எழுதுவதில்லை. வாக்கியத்தைத் தொடங்கும் முன் சற்று அதிகமாகவும், சொற்களுக்கு இடையே குறைவாகவும், ஒரு சொல்லுக்குள் மிகக் குறைவாகவும் நிற்பது வழக்கம். பழகிய சொல் முழு வடிவமாகவே நினைவில் இருப்பதால் கை தடையின்றி ஓடுகிறது. புதிய மருந்தின் பெயரை ஒலியைக் கொண்டு எழுத்தெழுத்தாகக் கூட்டுவதால் நின்று எழுதுகிறோம்.

தயக்கம் உணர்த்துவது என்ன?

• சொல்லைத் தொடங்கும் முன் நெடுநேரம் நிற்றல்: சொல்லே நினைவுக்கு வராதிருக்கலாம்.

• "வாழைப்பழம்" என்பதில் ழகரமா, ளகரமா என நடுவில் தடுமாறுதல்: பேச்சில் பலர் வேறுபடுத்தாத எழுத்துகளை, சொல்லின் பதிந்த வடிவமே உறுதிசெய்கிறது. முன்பு பிழையின்றி எழுதியவர் இங்குத் தடுமாறினால், அவ்வடிவம் தளர்ந்திருக்கலாம்.

• பழகிய சொற்களை எளிதாக எழுதி, புதிய பெயர்களில் மட்டும் நிற்றல்: ஒலியை எழுத்தாக மாற்றும் திறன் குறைந்திருக்கலாம்.

கைத்தளர்ச்சி, பார்வைக் குறைவு, எழுதிப் பழக்கமின்மை ஆகியவற்றாலும் தயக்கம் ஏற்படும். எனவே, தயக்கத்தை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்யலாகாது.

கையொப்பம் குறித்து எச்சரிக்கை

பல்லாண்டுப் பழக்கத்தால் பதிந்த கையொப்பம், பிற எழுத்து மறைந்த பின்னும் எஞ்சியிருக்கக்கூடும். ஒருவர் கையொப்பமிடுகிறார் என்பதால், ஆவணத்தைப் படித்துப் புரிந்துகொண்டார் எனக் கொள்ளாதீர்கள். வங்கி, சொத்து ஆவணங்களில் கையொப்பம் பெறுமுன் மருத்துவரைக் கலந்தாலோசியுங்கள்.

பராமரிப்பாளர் செய்ய வேண்டியவை

• அவர் நிற்கும்போது சொல்லை உடனே எடுத்துக் கொடுக்காமல் காத்திருங்கள்.

• எழுதிய தாளில் அவர் நின்ற இடங்களைக் குறித்து, நோய்க்கு முன் எழுதிய தாளுடன் மருத்துவரிடமோ பேச்சுப் பயிற்சியாளரிடமோ காட்டுங்கள். எந்தப் பயிற்சி தேவை எனத் தீர்மானிக்க அது துணைபுரியும்.

உடனடி மருத்துவ உதவி

எழுதவோ பேசவோ திடீரென இயலாமற்போனால், முகம் கோணினால், கை தளர்ந்தால் 108-ஐ அழையுங்கள். இரத்தக் குழாய் அடைப்பால் ஏற்படும் பக்கவாதத்தில், உறைவைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் 4½ மணி நேரத்துக்குள் செலுத்தப்பட வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தானாகச் சரியாகும் எனக் காத்திராதீர்கள்.