துவையலும் சம்மந்தியும்

பாலக்காட்டின் கிழக்கெல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர், காந்தளூர், வட்டவடை, குமுளி முதலிய மலையூர்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அவ்வில்லங்களில் அடுப்பேற்றாமல் அரைக்கப்படும் பச்சைத் துவையலைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித் தழை, உப்பு ஆகிய ஐந்துமே அதற்குப் போதும். இதனைத் தமிழர் துவையல் என்பர். தொகையல் என்பாரும் உளர். அடுத்த வீட்டு மலையாளிகள் சம்மந்தி என்பர். கடல்கடந்த மெக்சிகோ நாட்டிலும் ஏறத்தாழ இதே பண்டம் உண்டு. அங்கு அதன் பெயர் சல்சா.

இஃது எவ்வாறு நேர்ந்தது? மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 16 ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவில் வாழ்ந்த பெர்னார்தினோ தெ சாகுன் என்னும் ஸ்பானியத் துறவி, அந்நாட்டுப் பழங்குடி மக்களின் வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தார். மிளகாயும் தக்காளியும் பூசணி விதையும் சேர்த்து அரைத்த குழம்புகளை அங்காடியில் விற்றோரைப் பற்றியும் அவர் குறித்துள்ளார். அம்மக்கள் அரைத்தது மூன்று கால்களுடைய எரிமலைக் கல்லுரலில். சல்சா என்ற சொல்லோ இலத்தீனத்திலிருந்து வந்தது. உப்பிட்டது என்பதே அதன் மூலப் பொருள்.

இனி நம் பக்கம் வருவோம். பாலக்காட்டுக் கல்பாத்தியில் விசுவநாத சுவாமி கோயில் 1425 ஆம் ஆண்டை ஒட்டி எழுந்தது என்பர். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் அதனைச் சூழ்ந்து வாழ்ந்தன. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது 1498 இல். ஆகவே கல்பாத்தியின் முதல் அடுக்களைகளில் மிளகாய் இருந்திருக்க இயலாது. அன்று காரம் என்றால் பெரும்பாலும் மிளகும் இஞ்சியுமே. இதற்கு ஒரு சான்று இன்றும் நம் இல்லங்களில் உள்ளது. சிராத்த நாளின் சமையலில் மிளகாயையும் தக்காளியையும் விலக்கி மிளகையே சேர்க்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. புதிதாக வந்த காய்களை அன்றாட உணவில் ஏற்றுக்கொண்ட நம் முன்னோர், மூத்தோர்க்குரிய நாளில் பழைய சமையலையே காத்தனர்.

மிளகைத் தேடி வந்த போர்த்துக்கீசியரே மிளகாயைக் கொணர்ந்தனர் என்பது வியப்புக்குரியது. புதுக் காய்க்குப் பெயரிட வேண்டியபோது தமிழர் அதனை மிளகு போன்ற காய் என்று கண்டு மிளகாய் என்றனர். மலையாளத்தில் இன்னும் ஒரு படி மேலே நடந்தது. முளகு என்ற பெயரை வந்த காயே எடுத்துக்கொண்டது; மண்ணுக்குரிய பழைய மிளகு குருமுளகு ஆயிற்று. மிளகாய்க்குக் கப்பல் முளகு என்ற பெயரும் அங்கு வழங்கியது. ஸ்பானியரும் இவ்வாறே செய்தனர். மிளகைக் குறித்த தம் சொல்லைச் சிறிது மாற்றி மிளகாய்க்கு இட்டனர்.

தக்காளியின் கதையும் இத்தகையதே. தக்காளி என்னும் சொல் பழைமையானது. மணத்தக்காளி முதலிய சிறு கனிகளுக்கு நம் முன்னோர் வழங்கியது. அமெரிக்கக் கனி வந்ததும் அப்பெயர் அதற்குச் சென்றது. நெடுங்காலம் அதனைச் சீமைத் தக்காளி என்றே அழைத்தனர். மிளகாய் விரைவில் பரவியது. தக்காளியோ 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் பெரும்பாலும் ஐரோப்பியர் மேசைக்கென்றே பயிராயிற்று. நாம் தொன்மையானது என்று எண்ணும் தக்காளித் துவையலுக்கு வயது நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இராது.

பண்டங்கள் ஒரு திசையில் மட்டும் பயணம் செய்யவில்லை. மெக்சிகோவின் சல்சாவில் இன்று சேரும் வெங்காயமும் கொத்தமல்லியும் எலுமிச்சையும் பழைய உலகத்திலிருந்து ஸ்பானியரோடு சென்றவை. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்று பிரித்துக் கூற இயலாதவாறு இரு கரைகளின் அடுக்களைகளும் கலந்துவிட்டன.

மலைப்பகுதிக்கு மிளகாய் மட்டுமன்று, மனிதரும் வந்தனர். 1877 இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்து வந்த தொழிலாளர் லயங்களில் குடியேறினர். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளிப் பயிரை ஊக்குவித்தார். மரவள்ளியும் அமெரிக்கப் பயிரே. வேகவைத்த கிழங்குடன் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தி என்பது மலையாள நாட்டின் எளியோர் உணவாயிற்று. தமிழ்த் தொழிலாளரும் அதனைத் தமதாக்கிக்கொண்டனர். காந்தாரியை விதைப்பார் வேண்டுவதில்லை. பறவைகளுக்கு அதன் காரம் உறைப்பதில்லை. அவை உண்டு எச்சமிட்ட இடத்தில் செடி முளைக்கிறது.

அரைக்கும் முறையிலும் அறிவு உண்டு. முதலில் கல்லுப்பையும் மிளகாயையும் நசுக்க வேண்டும். உப்பின் பரல்கள் தோலைக் கிழித்துக் கொடுக்கும். அடுத்து வெங்காயம், நசுங்கும்போதே அதன் நெடி பிறக்கிறது. நீர் மிகுந்த தக்காளியை இறுதியில் சேர்த்து இரண்டு இழுப்பு இழுத்தால் போதும். முதலிலேயே இட்டால் மற்றவை வழுக்கி ஓடும். மிளகாயின் காரப் பொருள் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே மேலே விடும் ஒரு கரண்டி எண்ணெய் காரத்தைப் பரப்பிச் சமன் செய்கிறது. தமிழர் நல்லெண்ணெய் விடுவர். மலையாளிகள் தேங்காய் எண்ணெய் விடுவர். எல்லைப்புற வீடுகளில் இரண்டும் உண்டு. பச்சையாக அரைத்தது அன்றே உண்ணத் தக்கது.

முன்னர் இப்பகுதிகள் மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரிலும், சித்தூர் கொச்சியிலும், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரிலும் அடங்கின. 1956 நவம்பர் 1 இல் இவையெல்லாம் கேரளத்தில் சேர்ந்தன. தேவிகுளம், பீர்மேடு தமிழகத்தோடு சேர வேண்டும் என்று தமிழர் போராடினர், அது நிறைவேறவில்லை. அந்த மனத்தாங்கலை மறைக்க வேண்டுவதில்லை. அதன் பின்னர் அங்கே பிறந்த பிள்ளைகள், நம் உணவு எது, நம் மொழி எது, நாம் எந்த ஊரார் என்று வினவினர். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வளரும் நம் பிள்ளைகளும் அதனையே வினவுகின்றனர்.

அவர்களுக்கு நாம் கூறும் விடை உண்மையாக இருத்தல் வேண்டும். பிறர் கலப்பில்லாத பழம்பொருள் என்று பெருமை பேசினால் வரலாறு நம்மை மறுக்கும். அயலார் பொருள் என்று கைவிட்டாலோ, நானூறு ஆண்டுகளாக அதனைப் பயிரிட்டுப் பெயரிட்டு அரைத்துப் பழகிய நம் மக்களின் உழைப்பை மறுத்தவர் ஆவோம். ஒரு பொருள் எங்குப் பிறந்தது என்பதோடு, யார் கையில் பண்பட்டது என்பதும் அதன் உரிமையைக் காட்டும். புலம்பெயர்ந்து வாழும் நமக்கும் இது பொருந்தும்.

அடுக்கு மாடி வீட்டில் அம்மிக்கு இடம் இல்லாதிருக்கலாம். ஒரு சிறிய கல்லுரலுக்கு இடம் உண்டு. உப்பு முதலில், தக்காளி இறுதியில் என்ற முறையும் அதன் காரணமும் எந்த ஏட்டிலும் ஏறாமல் கைவழியே வந்தவை. அவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். துவையல் என்ற சொல்லோடு, அண்டை வீட்டார் சொல்லும் சம்மந்தியையும் சேர்த்தே கற்பிப்போம்.