நகரக் கடிகாரமும் செப நேரமும்: கிறித்தவ நம்பிக்கையைக் காத்த பொதுநிலையினர் அமைப்புகள் (1844–1916)

ஆய்வுச் சுருக்கம்

19ஆம் நூற்றாண்டில் வணிக நகரங்களுக்குக் குடிபெயர்ந்த கிறித்தவர்கள் தம் நம்பிக்கையை எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதை இலண்டன், நியூயார்க், சென்னை ஆகிய நகரங்களின் வழியே இக்கட்டுரை ஆராய்கிறது. நேரமின்மையே அவர்களுக்குப் பெருந்தடையாக இருந்தது. வழிபாட்டை வேலைநேரத்துக்கு இசைய அமைத்தவர்கள் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினரே. அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது என்பன இதன் கருதுகோள்கள்.

திறவுச்சொற்கள்: நகரமயமாதல், பொதுநிலையினர், செபக்கூட்டம், கிறித்தவ இளைஞர் சங்கம், வேலைநேரம்.

முன்னுரை

சிற்றூரில் ஆலயமணி நாளைப் பகுத்தது. வழிபாட்டுக்கு வராதவரை ஊரார் அறிந்திருந்தனர். அவ்வறிதலே நம்பிக்கைக்கு ஒரு வேலியாக இருந்தது. நகரத்தில் அம்மணியின் இடத்தைக் கடை திறக்கும் நேரமும் அடைக்கும் நேரமும் எடுத்துக்கொண்டன. நகரக் கிறித்தவர்களின் சமய ஈடுபாடு குறைந்ததற்கு அறிவியல் வளர்ச்சியையும் ஐயுறவையும் காரணமாகக் கூறுவது வழக்கம். கடைப் பணியாளரின் அன்றாட வாழ்வை நோக்கின், அதனினும் எளிய காரணம் ஒன்று முன்நிற்கிறது: செபிக்க நேரமும் இடமும் இல்லை.

இலண்டன்: கடைக்குள் ஒரு செப அறை

ஜார்ஜ் வில்லியம்ஸ் 1821இல் சாமர்செட் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1841இல் இலண்டனுக்கு வந்து, புனித பவுல் பேராலயத்தை அடுத்திருந்த ஹிட்ச்காக்–ரோஜர்ஸ் ஜவுளிக்கடையில் சேர்ந்தார். அக்காலக் கடைப் பணியாளர்கள் நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் உழைத்தனர். முதலாளியின் கட்டடத்திலேயே பலர் ஓர் அறையைப் பகிர்ந்து உறங்கினர். பேராலயம் மிக அருகில் இருந்தும், அதன் வழிபாட்டு நேரங்கள் அவர்களுக்கு எட்டாதவையாகவே இருந்தன.

வில்லியம்ஸும் தோழர்களும் பணி முடிந்தபின் அறையொன்றில் கூடி வேதம் வாசித்துச் செபித்தனர். 1844 ஜூன் 6 அன்று 12 இளைஞர்கள் கூடிக் கிறித்தவ இளைஞர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஜவுளி முதலிய வணிகங்களில் பணியாற்றும் இளைஞர்களின் ஆன்மிக நிலையை மேம்படுத்துவதே அதன் தொடக்ககால நோக்கமாக அறிவிக்கப்பட்டது. ஆங்கிலத் திருச்சபையினர், பாப்டிஸ்ட்டுகள், மெதடிஸ்ட்டுகள் முதலிய பல பிரிவினர் அதில் இணைந்தனர். ஊரில் தனித்தனி ஆலயங்களுக்குச் சென்றவர்களை நகரின் பொதுவான நெருக்கடி ஓரறையில் கூட்டியது. கடைகளை முன்னதாக அடைக்கக் கோரும் இயக்கம் இலண்டன் ஜவுளி வணிகத்தில் 1842லேயே தொடங்கியிருந்தமையும் கருதத்தக்கது. ஓய்வு நேரத்துக்கான கோரிக்கையும் செப நேரத்துக்கான தேவையும் ஒரே தொழிலிலிருந்து எழுந்தன.

நியூயார்க்: நண்பகல் ஒருமணி நேரம்

நியூயார்க்கில் சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. மன்ஹாட்டனின் தென்பகுதி வணிகமயமானபோது அங்குக் குடியிருந்தோர் வடபுறம் சென்றனர். ஃபுல்ட்டன் தெருவிலிருந்த டச்சுச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆலயம் வார நாள்களில் அலுவலகங்களுக்கு நடுவே ஆளின்றி நின்றது. முன்னாள் வணிகரான ஜெரமையா லான்ஃபியரை 1857 ஜூலையில் அத்திருச்சபை பொதுநிலை ஊழியராக அமர்த்தியது. குடியிருப்போரைத் தேடுவதோடு நில்லாமல், பகலில் அங்கு வந்து செல்வோரையே அவர் தம் சபையாகக் கருதினார் எனலாம்.

1857 செப்டம்பர் 23, நண்பகல் 12 மணிக்கு முதற்கூட்டம் கூடியது. முதல் அரைமணி நேரம் லான்ஃபியர் தனித்தே இருந்தார். முடிவில் அறுவர் இருந்தனர். அடுத்த வாரம் 20 பேரும், அதற்கடுத்த வாரம் 40 பேர் வரையும் வந்தனர். அக்டோபரில் அது நாள்தோறும் கூடுவதாயிற்று.

இக்கூட்டத்தின் விதிகள் கவனத்திற்குரியவை. சரியாக 12 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிக்க வேண்டும். செபமோ சாட்சியமோ ஐந்து நிமிடங்களைத் தாண்டலாகாது. எவரும் எந்நேரமும் வரலாம். தம் வசதிப்படி எழுந்து செல்லலாம். ஒரு கணக்கர் தம் உணவு இடைவேளையில் பத்து நிமிடம் அமர்ந்து எழுந்தாலும் அது முழுமையான பங்கேற்பாகவே கொள்ளப்பட்டது. வழிபாட்டுக்காக வேலையை விட்டு வரச் சொல்லாமல், வேலையின் இடைவெளிக்குள் வழிபாடு நுழைந்தது.

1857ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியே இவ்வெழுச்சிக்குக் காரணம் என்பர். நிதி நிறுவனங்களின் வீழ்ச்சி ஆகஸ்ட் மாதத்திலேயே தொடங்கியது உண்மை. ஆயினும் நாள்தோறும் கூடுவதென்ற முடிவு, அக்டோபர் நடுப்பகுதியில் நியூயார்க் வங்கிகள் பொற்காசு வழங்குவதை நிறுத்துமுன் எடுக்கப்பட்டது. நெருக்கடி கூட்டத்தைப் பெருக்கியது. கூட்டத்தின் வடிவத்தை உருவாக்கியதோ நகரின் வேலைநேரம். 1858 வசந்தகாலத்திற்குள் இவ்வடிவம் பிலடெல்பியா முதலிய நகரங்களுக்குப் பரவியது.

கொடுத்த விலை

சுருக்கத்திற்கு உதவிய மற்றொரு விதி, கருத்து வேறுபாட்டுக்குரிய பொருள்களைப் பேசலாகாது என்பது. பல பிரிவினர் ஒன்றாய் அமர இது துணைசெய்தது. ஆனால் அந்நாளில் அமெரிக்காவின் தலையாய சர்ச்சைப் பொருள் அடிமைமுறை. கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆக இயலாது என உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்ததும் அதே 1857இல்தான். வரலாற்றாசிரியர் கேத்ரின் லாங் 1998இல் வெளியிட்ட நூலில், இவ்வெழுச்சி சமூகச் சீர்திருத்தத்திலிருந்து விலகித் தனிமனித பக்தியில் ஊன்றியதைச் சுட்டுகிறார். மேலும் வணிகப் பகுதியில் நண்பகலில் கூடியதால் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே. கடிகாரத்துக்குள் அடங்கிய செபம், கடிகாரத்தை இயக்கிய பொருளியலை வினவவில்லை.

சென்னை: கடல் கடந்த மரபு

இவ்விரு மரபுகளும் சென்னையில் சந்தித்தன. டேவிட் மெக்கோனகி 1890இல் சென்னைக் கிறித்தவ இளைஞர் சங்கத்தை அமைத்தார். எஸ்பிளனேடில் எழுந்த அதன் கட்டடத்துக்கு நிதியளித்தவர் பிலடெல்பியா வணிகர் ஜான் வானமேக்கர். அவர் தம் இளமையில், நண்பகல் செபக்கூட்டங்களை நடத்திய பிலடெல்பியாச் சங்கத்தின் ஊதியம் பெறும் செயலாளராக இருந்தவர். நீதிமன்றமும் வணிக நிறுவனங்களும் சூழ்ந்த பகுதியைத் தேர்ந்ததில், மக்கள் உழைக்கும் இடத்திலேயே அமைவது என்ற பழைய நெறி தொடர்ந்தது.

இங்கு ஒரு திருப்பமும் நிகழ்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா 1895 முதல் 1909 வரை இச்சங்கத்தின் செயலாளராகத் தென்னிந்தியாவில் பணியாற்றினார். சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1916இல் அதன் தேசியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியரானார். சிற்றூர்க் கடன் கூட்டுறவுப் பணிகளில் சங்கத்தை ஈடுபடுத்தினார். நகர இளைஞரின் பக்தியைக் காக்கத் தோன்றிய அமைப்பு, அவர்கள் விட்டுவந்த ஊரின் வறுமையையும் தன் பொறுப்பாக ஏற்றது. நியூயார்க் கூட்டம் பேசாமல் விட்ட சமூகக் கடமையை நோக்கிய நகர்வாக இதனைக் கொள்ளலாம்.

முடிவுரை

நகரம் நம்பிக்கையை அழிக்கவில்லை. அதன் காலஅளவை மாற்றியது. அம்மாற்றத்தை முதலில் உணர்ந்தவர்கள் கடைப் பணியாளரும் முன்னாள் வணிகருமே; ஏனெனில் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். வேலைநேரத்துக்கு இசைந்த வழிபாடு நிலைத்தது. எனினும், வேலையின் அநீதியைப் பற்றியும் அது பேசியதா என்பதே அவ்வழிபாட்டை மதிப்பிடும் அடுத்த அளவுகோலாக அமைய வேண்டும்.